கனகலிங்கம் கேட்ட ஆறு டைமன்

1952 ஆவணியில் உரும்பிராயில் பிறந்த கனகலிங்கம், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கால் ஏக்கர் வெங்காயத் தறையும் கிணறும் உண்டு. ஒரே மகன் லண்டனில். வீட்டில் அவரும் மனைவி மீனாம்பிகையும் மட்டும். ஊரில் யாரோடும் சண்டை இல்லாத மனிதர். ஆனால் சென்ற தை மாதம் தொடக்கம், மானிப்பாயில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மேல்மாடியில் அவருக்குப் பேராசைக்காரர் என்று பெயர்.

அந்த மேல்மாடியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாலு பேர் பிறிஜ் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். யாழ்ப்பாணத்தில் காட்ஸ் என்றால் முந்நூற்றிநாலு என்ற ஆட்டம். கலியாண வீடு, செத்த வீடு, சங்கக் கடை விறாந்தை எங்கும் அதுதான். பிறிஜ் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இந்த நாலு பேரில் கனகலிங்கமும் கிறகோரியும் ஒரு சோடி. எதிர்ச்சோடி, நகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் சுஹைரும் வங்கியில் வேலை செய்யும் ஜெயரூபனும்.

கிறகோரி ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்தவர். கனகலிங்கத்தைவிட மூன்று வயது மூப்பு. இருவரும் சந்தித்தது தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். ஒரு வகுப்பறைக்குள் ஒன்பது குடும்பம். வாங்குகளை அடுக்கிவைத்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் காலை கிறகோரி ஒவ்வொரு மறைப்பாகத் தலையை நீட்டி, "இஞ்சை ஆருக்கும் பிறிஜ் தெரியுமோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"சனம் தண்ணிக்கு அலையுது. அந்த மனுசனுக்கு நாலாவது ஆள் தேவைப்பட்டிருக்கு" என்று மீனாம்பிகை இன்றைக்கும் சொல்லுவார். "இவரும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு எழும்பிப் போயிட்டார். நான் பானையோட இருந்தனான்."

அன்று தொடங்கிய சோடி பிரியவில்லை.

சென்ற மார்கழியில் கிறகோரி ஒரு ஆட்டத்தின் நடுவில், மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு எது என்று கேட்டார். சொன்னார்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு மறுபடியும் கேட்டார். ஜெயரூபன் சிரித்தார். கனகலிங்கம் சிரிக்கவில்லை. யுத்தத்தால் ரயில் ஓடாத இருபத்திநாலு வருசமும், நிலையங்களின் பெயரையும் நேரத்தையும் காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக் கோட்டை வரைக்கும் ஒப்புவிக்கக்கூடிய மனிதர் அவர். அன்று ஆட்டம் முடிந்து இறங்கியபோது, கழக வாசலில் நின்று, வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்துக்கொண்டு நின்றார். அவருடைய வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி.

கனகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார். "எனக்கும் அந்தப் பக்கம்தான் அண்ணை அலுவல்" என்றார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு அந்தப் பக்கம் அலுவல் இருந்தது.

பேராசை தொடங்கியதும் அப்போதுதான்.

பிறிஜில் முதலில் ஏலம். யார் எத்தனை பிடி பிடிப்போம், எந்த இனம் துரும்பு என்று மாறிமாறிக் கேட்பார்கள். நாலு பேரும் ஒவ்வொரு காட் போட, அதை வெல்பவருக்கு ஒரு பிடி; மொத்தம் பதின்மூன்றில், கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டி அத்தனை பிடி பிடிக்கவேண்டும். கடைசியாக நிற்கும் கேள்வியில் உள்ள இனத்தை அந்தச் சோடியில் முதலில் சொன்னவர் எவரோ, அவர்தான் அந்த ஆட்டத்தை ஆடவேண்டும். மற்றவர் தன் பதின்மூன்று காட்டையும் மேசையில் நிமிர்த்தி விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். அவருடைய காட்டையும் எதிரே இருப்பவரே சொல்லிச் சொல்லி ஆடுவார். டம்மி எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

கனகலிங்கம் கிறகோரியை டம்மியாகவே இருத்திவைத்தார். கையில் என்ன இருந்தாலும் முந்திக்கொண்டு கேட்டார். கிறகோரி ஒரு இனத்தைச் சொன்னால் இவர் வேறு இனத்துக்குத் தாவினார். எதிர்ச்சோடி கேட்டால் அதற்கு மேலே கேட்டார். எதிராளி ஆடினால் கிறகோரியும் தன் காட்டைத் தானே போடவேண்டி வரும். அதைத் தடுக்க ஒரே வழி, எப்போதும் அதிகமாகக் கேட்பது.

அதிகமாகக் கேட்டால் அதிகமாகப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்கு ஒரு பிடி குறைந்தது. அந்த ஒரு பிடியை உண்டாக்கத்தான் அவர் நெருக்குக்குப் போனார்.

ஸ்குவீஸ் என்று பிறிஜ்காரர்கள் சொல்வதை இந்த மேசையில் நெருக்கு என்பார்கள். எதிராளி ஒருவர் இரண்டு இனங்களைக் காவல் காத்துக்கொண்டு இருப்பார். இரண்டிலும் பெரிய காட் அவரிடம். அவரை வெட்டி வெல்ல முடியாது. ஆகவே நீங்கள் வேறொரு இனத்தில் வெல்லக்கூடிய காட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காட்டைக் கழிக்கவேண்டும். முதலில் உதவாததைக் கழிப்பார். அது முடிந்தபிறகு இரண்டு காவலில் ஒன்றைக் கைவிடத்தான் வேண்டும். எதைக் கைவிட்டாலும் அங்கே உங்களுக்கு ஒரு பிடி. தொடக்கத்திலேயே திட்டம் போடவேண்டும். எதிராளியின் கையில் மிச்சக் காட் இருக்கக்கூடாது என்பதற்காக, தோற்கவேண்டிய ஒரு பிடியை ஆரம்பத்திலேயே மனமறிந்து தோற்றுக் கொடுக்கவேண்டும். எல்லாக் காட்டையும் எண்ணிக்கொண்டு இருக்கவேண்டும்.

கனகலிங்கம் முன்பு வருசத்துக்கு நாலைந்து நெருக்குச் செய்திருப்பார். சித்திரை வரும்போது வாரத்துக்கு ஒன்று செய்தார். பாதி பிழைத்தது, பாதி சரிவந்தது.

"லிங்கம் அண்ணை, வயது போகப்போக மனுசருக்கு ஆசை குறையிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன்" என்பார் ஜெயரூபன். "உங்களுக்கு எல்லாம் தலைகீழ்."

"நீர் ஒழுங்காக் கேட்டால் நான் ஏன் கேக்கிறன்?"

"கேக்க விட்டாத்தானே!"

சுஹைர் எதுவும் சொல்லமாட்டார். தொண்ணூறில் பதினெட்டு வயதில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போலக் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனவர். பிறிஜ் பழகியது கொழும்பில், கடைவேலை செய்த காலத்தில். பிறகு திரும்பிவந்து கடை போட்டார். அதிகம் கதைக்காதவர். காட்டைக் கலைத்துக்கொண்டே மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வைகாசியில் ஒருநாள் படியிறங்கும்போது கனகலிங்கத்தின் தோளில் கைவைத்து, "அண்ணை, நீங்கள் களைச்சுப் போயிருக்கிறியள்" என்றார். கனகலிங்கம் "வெயில்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கிறகோரியோடு இருப்பவர் மகள் றோஸ். மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளர். கணவர் ரொறன்ரோவில். ஆறு வருசமாகக் காத்திருந்த கனடா அனுமதி ஆவணியில் வந்தது. கார்த்திகை முடியமுன் போய் இறங்கவேண்டும். தகப்பனைக் கூட்டிப்போக வழியில்லை. அவருக்கு வேறு பிள்ளைகளும் இல்லை.

புரட்டாதியில் றோஸ் ஸ்கூட்டியில் உரும்பிராய்க்கு வந்தார். மீனாம்பிகை தேத்தண்ணி கொடுத்தார். றோஸ் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அங்கிள், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். அப்பாவைத் தனிய விட்டிட்டுப் போகலாமோ? சமைச்சுக் குடுக்க ஒரு அம்மாவைப் பிடிச்சிருக்கிறன். காலமை வந்து பின்னேரம் போவா. இரவிலை தனியத்தான்."

"ஏன் பிள்ளை, என்ன நடந்தது?"

"என்னை ரெண்டு தரம், செத்துப்போன அம்மாவின்ரை பேராலை கூப்பிட்டவர். டொக்டரிட்டை கொண்டுபோனனான். அவர் பொழுதுபோக்கு என்னெண்டு கேட்டவர். பிறிஜ் எண்டனான். அப்பிடியெண்டால் பெரிசாப் பயப்பிடத் தேவையில்லை, எதுக்கும் அவரோட விளையாடுற ஆக்களிட்டைக் கேட்டுப் பாருங்கோ எண்டவர். உங்களை விட அப்பாவைத் தெரிஞ்ச ஆர் இருக்கினம்?"

மீனாம்பிகை குசினி வாசலில் நின்றார். கனகலிங்கம் அவரைப் பார்க்கவில்லை.

"போன சனியும் எங்கடை சோடிதான் வெண்டது" என்றார். "மூளை கத்தி மாதிரி. நீ போயிட்டு வா பிள்ளை. நான் இருக்கிறன்தானே."

றோஸ் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். வாசலில் ஸ்கூட்டியைத் திருப்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் ரிக்கற் போட்டார்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு இருந்தபோது மீனாம்பிகை புட்டைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இஞ்சருங்கோ, ஏன் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"என்ன பொய்?"

"அவர் வழி தெரியாமல் நிக்கிறார் எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னது."

"உண்மையைச் சொன்னால் அவரைக் கொண்டுபோய் ஒரு இல்லத்திலை விட்டிடுவாள். பிறகு அந்த மனுசன் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும்."

"அவர் சுவரைப் பாப்பார் எண்டு பயமோ, நீங்கள் பாப்பியள் எண்டு பயமோ?"

கனகலிங்கம் எழும்பிப் போய்க் கை கழுவினார். அன்று முதல், றோஸ் போனபிறகு எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போடத் தொடங்கினார். காலையில் ஒருமுறை சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். காஸ் அடுப்பைக் கழற்றிவிடலாம். கேற்றுக்கு வெளியில் பூட்டுப் போடலாம். இதையெல்லாம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் றோஸ் மழைக்கோட்டோடு மேல்மாடிக்கு ஏறிவந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். விளையாடி முடியுங்கோ, அவசரமில்லை." கதிரையை இழுத்துத் தகப்பனுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். கைபேசியை எடுத்தார். "அப்பா ஆடுறதை ஒருக்கா வீடியோ எடுக்கப்போறன். அங்கை போய்ப் பாக்கிறதுக்கு."

கிறகோரி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நன்றாகச் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார்.

"அப்பா ஆடுறதையோ?" என்றார் ஜெயரூபன். "அதுக்கு நீர் போன வருசம் வந்திருக்கவேணும் றோஸ். தைப்பொங்கலுக்குப் பிறகு உங்கடை அப்பா ஒரு ஆட்டமும் ஆடேல்லை. லிங்கம் அண்ணை விட்டால்தானே!"

"ஒரு ஆட்டமுமோ?"

"உவர் ஒரு ஆளே எல்லாத்தையும் ஆடுறார். நாங்கள் மூண்டு பேரும் பார்வையாளர்."

ஜெயரூபன் பகிடிக்குத்தான் சொன்னார். றோஸ் கனகலிங்கத்தைப் பார்த்தார். கனகலிங்கம் காட்டை அடுக்கிக்கொண்டு இருந்தார். சுஹைர், "நேரம் போகுது. கிறகோரி அண்ணை, நீங்கள்தான் முதல் கேள்வி" என்றார்.

கிறகோரி தன் காட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய குரலில், நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர் போல, "ஒரு இஸ்பேட்" என்றார்.

அது சரியான கேள்விதான். கனகலிங்கத்தின் கையில் இஸ்பேட்டுக்கு நல்ல ஆதரவு இருந்தது. நாலு இஸ்பேட் என்று சொல்லிவிட்டால் போதும். கிறகோரி ஆடுவார், பத்துப் பிடி பிடிக்கவேண்டும், அந்தக் காட்டுகளுக்கு அது ஒரு குழந்தையும் ஆடக்கூடிய ஆட்டம். றோஸ் கைபேசியைத் தகப்பனின் தோளுக்கு மேலால் பிடித்திருந்தார்.

கனகலிங்கம் அந்தக் கைபேசியை ஒருமுறை பார்த்தார்.

"ஆறு டைமன்."

ஜெயரூபன் காட்டை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டுக் கும்பிட்டார். "அண்ணை, அவர் வாயைத் திறந்து இஸ்பேட் எண்டார். உங்களுக்குக் காது கேக்கேல்லையோ? மகள் படம் எடுக்கிறாள். ஒரு ஆட்டம் குடுத்தால் குறைஞ்சு போவியளோ?"

"அவருக்குப் பறவாயில்லை. என்ன அண்ணை?"

"எனக்குப் பறவாயில்லை" என்றார் கிறகோரி.

கிறகோரி தன் காட்டுகளை மேசையில் விரித்தார். இனம் இனமாக அடுக்கக் கொஞ்சம் தடுமாறினார். ஜெயரூபன் உதவிசெய்தார். றோஸ் கைபேசியைத் தாழ்த்தவில்லை.

பன்னிரண்டு பிடி பிடிக்கவேண்டும். கனகலிங்கம் எண்ணிப் பார்த்தார். பதினொன்று இருந்தது. ஆரம்பத்திலேயே ஒரு கிளாவரை ஜெயரூபனுக்குத் தோற்றுக் கொடுத்தார். ஜெயரூபனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. சுஹைருக்கு விளங்கியது. அவர் நிமிர்ந்து இருந்தார். இஸ்பேட் ஏஸும் ராசாவும் போயின. பிறகு டைமன், இன்னொரு டைமன், இன்னொன்று. சுஹைர் ஒவ்வொரு காட்டாகக் கழித்தார். வெளியே மழை தகரத்தில் கொட்டியது.

மூன்று காட் மிஞ்சியது. மேசையில் கிறகோரியின் முன்னால், ஆட்டின் என்ற சிவப்பு இதய இனத்தில் ஏஸும் பத்தும், இஸ்பேட்டில் ஜாக்கும். சுஹைரின் கையில் ஆட்டின் ராசா, ஆட்டின் ராணி, இஸ்பேட் ராணி என்பது கனகலிங்கத்துக்குக் கண்ணால் பார்த்ததுபோலத் தெரியும். கடைசி டைமனைப் போட்டார். சுஹைர் இஸ்பேட் ராணியை விட்டால் மேசையிலுள்ள ஜாக் வெல்லும். ஆட்டினில் ஒன்றை விட்டால் பத்து வெல்லும். அவர் மூன்று காட்டையும் மாறிமாறிப் பார்த்தார். எல்லோரும் அவருடைய கையையே பார்த்தார்கள்.

அப்போது கிறகோரி தன் முன்னால் நிமிர்ந்து கிடந்த மூன்று காட்டையும் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. கையை நீட்டி மூன்றையும் வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆர் என்ரை காட்டை விரிச்சு வைச்சது? எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறியள்."

ஜெயரூபன் சிரித்தார். "அண்ணை, நீங்களெல்லே டம்மி."

"முந்நூற்றிநாலிலை காட்டைத் திறந்து காட்டுறதோ? விசர் விளையாட்டு." கிறகோரி ஆட்டின் பத்தை உருவி எடுத்து மேசையில் கவிழ்த்துவைத்தார். முந்நூற்றிநாலில் துரும்பை அப்படித்தான் ஒளித்து வைப்பார்கள். "இதுதான் துரும்பு. நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் தொடப்படாது." பிறகு சுற்றிவரப் பார்த்து, "லிங்கம், ஆர் இந்த ஆக்கள்?" என்று கேட்டார்.

ஜெயரூபனின் சிரிப்பு நின்றுபோனது. சுஹைர் தன் மூன்று காட்டையும் மேசையில் கவிழ்த்தார்.

"விட்டிடுவம் லிங்கம் அண்ணை."

"இல்லை. நீர் இன்னும் கழிக்கேல்லை" என்றார் கனகலிங்கம். "அண்ணை பகிடி விடுறார். காட்டைக் கீழை வையுங்கோ அண்ணை. ஒரு காட்தானே. சுஹைர், நீர் போடும்."

"அண்ணை, எனக்கு வைகாசியிலேயே தெரியும்" என்றார் சுஹைர். "போதும்."

றோஸ் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார். தகப்பனுக்கு முன்னால் வந்து குந்தியிருந்தார். "அப்பா, வீட்டை போவமோ?"

"துரும்பு?"

"அதையும் கொண்டு போவம்."

தன் மழைக்கோட்டைத் தகப்பனுக்குப் போட்டுவிட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். சுஹைர் கிறகோரியைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கனகலிங்கம் பின்னால் போனார். கீழே வாசலில் றோஸ் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் சொன்னதை நம்பித்தான் அங்கிள் நான் ரிக்கற் போட்டனான்."

"உவரைக் கொண்டுபோய் எங்கையும் விட்டிடுவாய் எண்டு பயந்திட்டன் பிள்ளை."

"தனிய விட்டிட்டுப் போயிருப்பன். இரவிலை கதவைத் திறந்துகொண்டு றோட்டுக்கு இறங்கியிருப்பார். அதுக்கு உங்களுக்குப் பயமில்லையோ?"

கனகலிங்கம் காஸ் அடுப்பையும் கேற்றுப் பூட்டையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தான் போட்டுவைத்த கணக்கு எவ்வளவு மோசமானது என்று சொல்லும்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பாதியில் நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரும் மீனாம்பிகையும் ஓட்டோவில் மானிப்பாய்க்குப் போனார்கள். கிறகோரி உள்ளே நித்திரை. கனகலிங்கம் முற்றத்தில் நின்றபடியே, அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அறை இருக்கிறது, மீனாம்பிகைக்கும் சம்மதம் என்றார். மீனாம்பிகை ஓம் என்று தலையாட்டினார்.

"அன்ரி சொன்னால் நான் நம்புவன்" என்றார் றோஸ். "ஆனால் அன்ரிக்கும் முழங்கால் ஏலாது. ராவிலை எழும்பி அவருக்குப் பின்னாலை ஓடப்போறது நீங்கள்தான் அங்கிள். அப்பாவுக்கு என்ன வருத்தமெண்டு ரொறன்ரோவிலை இருந்து நான் உங்களிட்டைத்தான் கேக்கவேணும். நீங்கள், அவர் நல்லாயிருக்கிறார் எண்டுதான் சொல்லுவியள்."

கனகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீனாம்பிகை அவருடைய முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

கார்த்திகை இரண்டாம் கிழமை கிறகோரி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை றோஸ் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறார். ஊரில் ஏதும் அவசரமென்றால் தொடர்புகொள்வதற்கு இல்லத்தில் அவர் கொடுத்திருப்பது சுஹைரின் தொலைபேசி எண்ணை.